கரி நிறப் பனிக்கட்டி

ஜூன் 11

அன்புள்ள கணக்கண்ணாவுக்கு,

புள்ளி எழுதுகிறேன். நீங்களும் அப்பாவும் முன்னறையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று மணிக்கணக்கில் வாதாடும்போது, மூலையில் புள்ளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று நீங்கள் வைத்த பெயர். இப்போது பத்தாம் வகுப்பு. உயரமாகிவிட்டேன். இடம் மட்டும் மாறவில்லை, அதே மூலைதான்.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நலமா? சாப்பாடு ஒழுங்காக இருக்கிறதா? இதை அம்மா கேட்கச் சொன்னதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

விண்கலத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியோடு உங்கள் விண்வெளி மையத்தின் படமும் வந்தது. பின்வரிசையில் உங்கள் பாதி முகம். அம்மா பார்த்தவுடன், "இந்தக் காதை எங்க பார்த்தாலும் எனக்குத் தெரியும்" என்றார். அப்பா பக்கத்தைத் திருப்பிவிட்டார். நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து உங்கள் பெயரை நீங்களே எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் வீட்டில் உங்கள் பேச்சை எடுக்கக் கூடாது. அதனால் பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உறையின் பின்னால் தையல்கடை முகவரி எழுதியிருக்கிறேன். அந்த அக்கா வாங்கி வைப்பார். "என்னடி, லவ் லெட்டரா?" என்றார். "இல்லக்கா, கணக்கு" என்றேன். "கணக்கா! அதுக்கு லவ் லெட்டரே பரவாயில்லையே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற அறை இது ஒன்றுதான். முன்னறையில் அப்பாவின் சாக்பீஸ் சத்தம் கேட்கிறது. அது நின்றால் நான் குழாயைத் திறந்துவிட வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கொள்கையை உங்களுக்கு நான் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். மற்ற எல்லோரும் சொல்வது: சூரியனைச் சுற்றியிருந்த தூசி தூசியோடு ஒட்டி, உருண்டையாகி, உருண்டையும் உருண்டையும் மோதி, கொஞ்சம் கொஞ்சமாகக் கோள்கள் வளர்ந்தன. அப்பா சொல்வது: வளரவே இல்லை. சுழன்றுகொண்டிருந்த வாயு வளையம் வளையமாகக் கழன்றது. ஒவ்வொரு வளையமும், பால் திரிகிற மாதிரி, ஒரே மூச்சில் திரிந்து கோளாகிவிட்டது. இதனால் கல்லூரியில் அப்பாவுக்கு 'தயிர் சார்' என்று பெயர். ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், இன்னிக்கு உறை ஊத்தியாச்சா?" என்றானாம். அப்பா அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

உங்கள் விண்கலம் அடுத்த மாதம் ஒரு கல்லின் அருகே போகப்போகிறதே, அந்தக் கல் பாறை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்பா மட்டும், அது வெளி வளையத்தில் திரிந்தது, பெரும்பாலும் பனிக்கட்டி, அதனால் லேசாக இருக்கும், அதே அளவு தண்ணீரைப்போல் 1.3 மடங்குதான் கனக்கும் என்று அச்சிலேயே போட்டுவிட்டார்.

அம்மாவுக்கு, இங்கே பார்க்கிற அதே ரத்தப் பரிசோதனைக் கூட வேலை, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் குடியிருப்போடு கிடைத்திருக்கிறது. போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் இருவரும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. "அந்த எண் வரட்டும். தப்பா இருந்தா மறுநாளே பலகையைக் கழட்டிடறேன். மத்த வாத்தியார் மாதிரி பாடம் நடத்திட்டு வீட்டுக்கு வந்து உங்களோட உட்கார்றேன்" என்றார் அப்பா. அம்மா, "வார்த்தை மாறக் கூடாது" என்றார்.

எண் தெரிந்ததும் எனக்கு முன்கூட்டியே சொல்வீர்களா அண்ணா? பத்திரிகையில் வருவதற்கு ஒருநாள் முன்னால் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மூலைப் புள்ளி

ஜூன் 24

அன்புப் புள்ளிக்கு,

உறையைப் பிரித்து முதல் வரி படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு முன்பல் இரண்டும் கிடையாது. பத்தாம் வகுப்பா! சாப்பாடு ஒழுங்காக இல்லை என்று அம்மாவிடம் சொல்ல முடியாதது வருத்தம்தான்.

கொள்கையை நீ எழுதியிருப்பதில் திருத்த ஒன்றுமில்லை. நானும் சாரும் பதினெட்டுப் பக்கத்தில் சொன்னதை நீ நாலு வரியில் சொல்லிவிட்டாய். கணக்கு அழகானது, புள்ளி. இன்றும் அப்படித்தான் சொல்வேன். கணக்கில் ஒரு படிகூடத் தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கு நடக்க வேண்டுமானால் வாயு ஒரு குறிப்பிட்ட விதமாகக் கொந்தளிக்க வேண்டும். வாயு அப்படிக் கொந்தளிப்பதை யாரும் எங்கும் பார்த்ததில்லை. "பார்த்ததில்லைன்னா இல்லைன்னு அர்த்தமா?" என்பார் சார். என்னால் அதற்குமேல் போக முடியவில்லை. பெயரை எடுத்துக்கொண்டேன். சாரைத் தனியாக விட்டுவிட்டேன் என்று இங்கே எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

நீ கேட்டதைச் செய்ய முடியாது. மையம் அறிவிக்கும் முன் வெளியே சொன்னால் எனக்கு இங்கே இடம் இருக்காது. ஆனால் எப்படி அளக்கிறோம் என்று சொல்கிறேன். விண்கலம் எங்களுக்கு இடைவிடாமல் ஒரே சுருதியில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். கல்லுக்குப் பக்கத்தில் போகும்போது கல் அதைக் கொஞ்சம் இழுக்கும். சுருதி துளி விலகும். அந்த விலகலிலிருந்து கல்லின் எடை, படங்களிலிருந்து அதன் அளவு, இரண்டையும் வைத்து அந்த எண். அவ்வளவுதான். அந்தச் சுருதியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தூங்கு. வாளி உடைந்துவிடப் போகிறது.

அன்புடன்,
கணக்கண்ணன்

ஜூலை 9

அன்புள்ள கணக்கண்ணாவுக்கு,

முடியாது என்று நீங்கள் எழுதியதில் வருத்தமில்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை. வேறொன்று சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா சொல்வது தப்பாகப் போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தேன். எந்தப் பெண்ணாவது தன் அப்பா தோற்க வேண்டும் என்று வேண்டுவாளா? ஆனால் அப்பாவை நீங்கள் இப்போது பார்த்தால் புரியும். போன வாரம் என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். நான் உள்ளே இருந்தபோது ஏதோ தோன்றியிருக்கிறது, வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே விளக்கையெல்லாம் அணைத்த பிறகு கம்பவுண்டர்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார். அப்பா கதவைத் திறந்து, "அடடே, நீ வெளியிலயா இருந்த?" என்றார். என் வாய் மரத்துப் போயிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் கேட்கவில்லை. நேரே பலகைக்குப் போய்விட்டார்.

அம்மா அதைக் கேள்விப்பட்டு அப்பாவிடம் சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் எனக்குப் பயம். முன்பெல்லாம் சண்டை வரும், பிறகு காபி வரும். இப்போது இரண்டுமே இல்லை. சாப்பிடும்போது மட்டும் ஒன்று சொன்னார்: "என் வேலையில ஒரு ரிசல்ட் வந்தா வந்ததுதான். பிடிக்கலைன்னு ரத்தத்தை மாத்த முடியாது." அப்பா, "கரெக்ட், கரெக்ட்" என்றார். எதைப் பற்றிச் சொன்னார் என்றே அவருக்குப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

அம்மா இரவுப் பணி முடிந்து வரும்போதெல்லாம் என் விரல் மையைப் பார்க்கிறார். "ராத்திரியெல்லாம் என்னடி பண்றே?" "படிக்கிறேம்மா." "கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு பாரு." அவ்வளவோடு விட்டுவிடுவார். பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். காலிப் பெட்டிதான். நான் திறந்து பார்த்தேன்.

ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பதில் மட்டும் போடுங்கள். தையல்கடை அக்கா, "உன் அடுத்த கணக்கு எப்ப வரும்டி?" என்று தெருவில் கத்துகிறார்.

உங்கள்,
புள்ளி

ஜூலை 27

அன்புப் புள்ளிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பத்திரிகையிலும் வந்திருக்கும். இன்று மாலை அறிவித்துவிட்டார்கள். அதனால் நான் சொல்வதில் குற்றமில்லை.

1.3.

மூன்று பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம். மூன்று பேருக்கும் அதேதான். இங்கே ஒருவர்கூட எதிர்பார்க்கவில்லை. எங்கள் தலைவர், "எங்கயோ ஒரு தயிர்க்காரர் இதைச் சொல்லியிருந்தாரே" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

சாருக்காகச் சந்தோஷப்பட வேண்டியவன் நான். உன் போன கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. சந்தோஷம் வரவில்லை.

அம்மாவின் பக்கத்திலேயே இரு.

அன்புடன்,
கணக்கண்ணன்

ஆகஸ்ட் 4

அன்புள்ள கணக்கண்ணாவுக்கு,

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். இந்த வயதில்! கால் நாற்காலியில் இடித்து இன்னும் நீலமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், எல்லோரிடமும் "ஒன்று புள்ளி மூன்று" என்று சொன்னார். மீட்டர்காரர், "இல்லீங்க சார், யூனிட் அதிகமா இருக்கே" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டார். அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது.

பிறகு அம்மா கேட்டார்: "சரிங்க. ஜெயிச்சாச்சு. அப்ப இனிமே?"

"இனிமேயா? இனிமேதானே ஆரம்பமே! ஒவ்வொரு கோளுக்கும், ஒவ்வொரு நிலவுக்கும் போட்டுப் பார்க்கணும். பத்து வருஷ வேலை இருக்கு" என்றார் அப்பா. கண்ணெல்லாம் பளபள என்று இருந்தது.

தப்பாக இருந்தால் நிறுத்துகிறேன் என்றுதானே வாக்கு. சரியாக இருந்தால் என்ன என்று யாருமே கேட்டு வைக்கவில்லை. அம்மாவுக்கும் அது தப்பாகத்தான் போகும் என்று இருந்திருக்கிறது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் எழுதிவிட்டார். மாதக் கடைசியில் போகிறோம், நானும் அவரும். பெட்டி இப்போது காலி இல்லை.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், முட்டாள்தனமாக இருந்தால் மன்னியுங்கள். பத்திரிகையில் அந்தக் கல்லின் படம் போட்டிருந்தார்கள். கரி மாதிரி இருக்கிறது. அடுப்புக் கரிதான். பனிக்கட்டி என்றால் பளீர் என்று இருக்க வேண்டாமா? பனிக்கட்டி எப்படி அவ்வளவு கறுப்பாக இருக்கும்? எங்கள் வகுப்பில் விடை சரியாக வந்து, வழி தப்பாக இருந்தால் டீச்சர் சுழி போடுவார். அப்பாவுடையது அப்படி இருக்குமோ?

அப்படியென்றால் அவருக்கு நீங்களே எழுதுங்கள். உங்கள் பேச்சை எடுக்கக் கூடாது என்பாரே தவிர, கணக்கில் அவர் நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான். தப்பு என்று நீங்கள் சொன்னால் தப்பு. வாக்குக் கொடுத்திருக்கிறார். பலகையைக் கழற்றிவிடுவார். அம்மா பெட்டியைப் பிரித்துவிடுவார்.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
புள்ளி

ஆகஸ்ட் 19

அன்புப் புள்ளிக்கு,

முட்டாள்தனமான கேள்வி இல்லை. எண்ணைப் பார்த்த திகைப்பில் நாங்கள் பலர் கேட்க மறந்த கேள்வி. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு கல்லிலிருந்து வரும் ஒளியை ஆராயும் பிரிவிலுள்ள நண்பரின் மேசைக்குப் போனேன். அவர்கள் முடிவுகளும் தயாராகிவிட்டன, நேற்று வெளியிட்டார்கள்.

பனிக்கட்டி துளிகூட இல்லை. காய்ந்த பாறை. ஆனால் ஒரே பாறை இல்லை. எப்போதோ எதனோடோ மோதி நொறுங்கிய கற்கள், இடிந்த வீட்டின் செங்கல் குவியல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. உள்ளே ஏறக்குறைய பாதி வெற்றிடம். அதனால்தான் அவ்வளவு லேசு. 1.3 வந்தது பனியால் அல்ல, ஓட்டையால். சார் 'மோதல் இல்லை' என்றார். இது மோதலுக்கு முழு சாட்சி. உன் டீச்சர் சொல்வதுதான். விடை சரி, வழி தப்பு.

சாருக்கு எழுதிவிட்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு 'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு' என்று எழுதினேன். அளவுகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியது உங்கள் மகள் என்றும் எழுதினேன். எனக்கு அவர் முதல்நாள் கற்றுக்கொடுத்ததே அதுதான்: "யார் சொன்னதுன்னு போடு. டீ கொண்டுவர்றவன் ஒரு குறியைத் திருத்தினாலும் அவன் பேரைப் போடு. போடலைன்னா அது திருட்டு." உன் கேள்வியை என்னுடையதாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அறைக்கு நடந்துவரும்போதுதான் உறைத்தது. நீ எனக்கு எழுதுவது ரகசியம். அதை நானே போட்டு உடைத்துவிட்டேன். திரும்ப ஓடினேன். தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள்.

சார் கோபப்பட்டால் என்மேல் போடு. என்ன நடந்தது என்று உடனே எழுது.

கவலையோடு,
கணக்கண்ணன்

செப்டம்பர் 6

அன்புள்ள கணக்கண்ணாவுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா பணிக்குப் போயிருந்தார். அப்பா நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நீயா அவனுக்கு எழுதினே?"

"ஆமாப்பா."

"கறுப்பா இருக்குன்னு நீயா பார்த்தே?"

"ம்."

"நானும்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்குத் தோணலையே கண்ணு" என்றார். திட்டுவார் என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டியிருக்கலாம். ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். மேலிருந்து கீழ்வரை, ஒரு எழுத்து விடாமல். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடத்தினாங்க?" என்று கேட்டார். எனக்கு என்ன நடத்தினார்கள் என்றே ஞாபகம் வரவில்லை. ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா வந்து பலகையைப் பார்த்தார். "என்னங்க, என்னாச்சு?" என்றார். "ஓட்டையாம்" என்றார் அப்பா, அவ்வளவுதான். அம்மா பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கினார். சேர வேண்டிய தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அப்பா வேளைக்குச் சாப்பிட்டார். ஒரு மாலை மூன்று பேரும் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வந்தோம். அண்ணா, உங்களுக்கு அப்போதே எழுதியிருப்பேன். எழுதினால் கலைந்துவிடுமோ என்று பயந்து எழுதவில்லை.

பிறகு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் சத்தம் கேட்டது.

ஓட்டை ஏன் இருக்கிறது? அதுதான் அப்பாவின் கேள்வி. பனி இருந்தது, சூரியன் பக்கம் வந்ததும் ஆவியாகப் போய்விட்டது, பனி இருந்த இடம்தான் ஓட்டை. அப்படியானால் எத்தனை ஓட்டையோ அத்தனை பனி. கறுப்பு, பனி போனபின் மிஞ்சிய வண்டல். மோதலே வேண்டாம். "பார்த்தியா, நீ கேட்ட கேள்விதான் என் கண்ணைத் திறந்துவிட்டது! இது இல்லாம கொள்கை பாதிதான் இருந்தது" என்றார். நான் ஒன்று கேட்டேன்: "அப்பா, ஓட்டை இல்லாம இருந்திருந்தா?" "அப்ப பனி இன்னும் உள்ளேயே இருக்குன்னு அர்த்தம்" என்றார். இனி எந்த விண்கலம் எந்த எண்ணை அனுப்பினாலும் அப்பா தப்பாக மாட்டார்.

புதுக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். அடியில் ஒரு வரி: 'இந்தக் கட்டுரை என் மகள் எழுப்பிய கேள்வியில் பிறந்தது. அவளுக்கு என் நன்றி.' அம்மா பணியிலிருந்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் அதைப் படித்தார். என் விரல்களைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் ராத்திரி ராத்திரி முழிச்சிருந்தியா? படிக்கிறேன் படிக்கிறேன்னு சொன்னது இதைத்தானா?"

அப்பா வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெருமை. அவர் எதிரில் நான் என்ன சொல்ல முடியும்? இல்லம்மா, அப்பாவை நிறுத்தத்தான் எழுதினேன், அப்பா தோற்க வேண்டும் என்றுதான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடிக்கொண்டேன்.

"சரி. அவருக்கு ஆள் இருக்கு. இனிமே நான் எதுக்கு?" என்றார் அம்மா. அழவில்லை. தேதி தள்ளிப்போட வேண்டாம் என்று தந்தி அடித்தார். போகும் நாளில் என் தலையை வாரிவிட்டு, "உனக்கு வரணும்னு தோணினா வா" என்றார். எனக்கு வர வேண்டும் என்று தோன்றியது. நான் அவரோடு வரமாட்டேன் என்று அவராகவே முடிவுசெய்துவிட்டிருந்தார். என் துணிகளை அவர் எடுத்து வைக்கவே இல்லை.

நீங்கள் அம்மாவுக்கு எழுதி எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று நினைப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். உண்மை தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து என்னை அழைத்துப் போய்விடுவார். பிறகு அப்பா இந்த வீட்டில் தனியாக இருப்பார். அவர் யாரையாவது எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வந்தால் சொல்ல ஆள் இருக்காது. அவரையே மறந்துவிட்டால் அதற்கும் இருக்காது.

உங்கள்மேல் கோபம் இல்லை. நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. அப்பா எனக்கு நன்றி போட்டதும் சரிதான், கேட்டது நான்தானே. தையல்கடை முகவரிக்கு இனி எழுத வேண்டாம். நானும் எழுதப் போவதில்லை. எழுதவும் கேட்கவும் எதுவும் மிச்சமில்லை.

கட்டுரை நாளை தட்டச்சுக்குப் போகிறது. அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "ஏன் கண்ணு, வெட்கமா?" என்றார். ஆமாம் என்றேன். என் தலையைத் தடவி, "வெட்கப்பட என்ன இருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்படிக்கு,
புள்ளி